இரண்டாவது வெங்காயம்

காலை ஒன்பதேகாலுக்கு என் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பினார். எங்கள் வாசல் கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம். சாத்தினார். பூட்டின் நாக்கு விழுந்தது. பிறகு வெளியிலிருந்து ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, மூன்றாவதாக ஒன்று. அதற்கப்புறம்தான் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. உள்ளே நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என்னை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று எத்தனையோ தரம் கேட்டாகிவிட்டது. “தூக்கினவன் அரைமணி நேரத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவான். இருந்தாலும் ஒரு பத்திரத்துக்கு” என்பார். அடுப்பின் குமிழையும் அப்படித்தான் மூன்று தரம் திருகிப் பார்ப்பார். பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை அவருக்கு. கலக்கிய டப்பாவின் மூடியை மூன்று தரம் அழுத்திவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் தருவாராம். விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் போன் செய்தால், “மூணு இழுப்பு எங்கேம்மா, கடைக்குப் போயாச்சா?” என்றுதான் அப்பாவை விசாரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படிச் சிரிக்கக் கொஞ்சமும் அருகதை இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

பத்து மணிக்குக் கூரியர் வந்தது. என் தம்பி அனுப்பிய பெரிய அட்டைப்பெட்டி. போன வாரமே போனில் சொல்லியிருந்தான். “அக்கா, அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டாங்க. எழுபத்தஞ்சாவது வருஷமாம். பெரிய டீச்சரை வீல்சேர்ல கூட்டிட்டு வந்து முன் வரிசையில உட்கார வைக்கப் போறாங்களாம். நாம எடுத்த படத்தைப் போடணுமாம். டேப்பையெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டேன். பழைய சாமான் செட்டையும் சேர்த்து அனுப்பறேன், இங்க இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. அவங்க பேச்சுதான் ஊமைப்படம். அது மேல ஏதாவது மியூசிக்கைப் போட்டு ஒப்பேத்திடு.” கடைசியில், வழக்கம்போல, “மாமா நல்லாயிருக்காரா?” என்றான். “ம்” என்றேன். பதினெட்டு வருஷமாக அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதுவும் என் வாய் வழியாக.

ஒரு காலத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் கிடந்தவர்கள். அச்சகம் ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததால் அது ஸ்டூடியோ. மற்றபடி ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, நாலு நாற்காலி. தம்பி கேமரா, என் வீட்டுக்காரர் ஒலிப்பதிவு, நான் எடிட்டிங். சுவரில் எதிரொலி அடிக்கக் கூடாதென்று இவர் ரொட்டிக் கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி முட்டை அட்டைகளாக வாங்கி வந்து நாலு சுவரிலும் ஒட்டியிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் முட்டை வியாபாரமா என்று கேட்பார்கள். கீழே அச்சு இயந்திரம் நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் யாருடைய குரலையாவது பதிவு செய்ய முடியும். அதனால் எங்கள் சாப்பாடு எப்போதும் இரண்டரை மணிக்கு, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, கத்திப் பேசிக்கொண்டு. இரண்டு வயது மகள் கேமராப் பையைத் திறந்து அதன் மெத்தைமேல் சுருண்டு தூங்குவாள். இந்த வாழ்க்கை இப்படியே ஓடிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றுக்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

கேமராவைத் தம்பி யாரிடமோ பழையதாக வாங்கியிருந்தான். படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வரும். ஆனால் அதன் சொந்த மைக் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆகவே படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். ஒலி பதிவாவது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சின்ன டிஸ்க்கில். இரண்டையும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பது என் வேலை. சேர்ப்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும் அல்லவா? கேமரா ஓட ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் அதன் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, ஒரே தட்டு தட்டுவார். படத்தில் கைகள் தொடும் கணத்தையும் ஒலியில் அந்த ‘டப்’ வருகிற கணத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் உதடும் குரலும் சேர்ந்தே நடக்கும். எது எதோடு சேர வேண்டியது என்று தெரிய ஆரம்பத்தில் எண் சொல்லிப் பார்த்தார்கள். தம்பி ஒரு கணக்கு வைப்பான், இவர் ஒரு கணக்கு வைப்பார், அவனுடைய ஏழு இவருக்கு ஒன்பது. இருவரும் என் தலையை உருட்டுவார்கள். ஒருநாள் இவர் சட்டைப்பையில் இருந்த கடைச் சீட்டை எடுத்து, “மாப்ள, இனிமே எண்ணே வேண்டாம்” என்று சொல்லி, கேமராவைப் பார்த்து “தக்காளி!” என்று கூவிக் கை தட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் வாங்கி வரச் சொல்லிக் காலையில் நான் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அன்றைய வரிசை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் சொல்லுவார். டிஸ்க்கின்மேல் அதையே எழுதுவார், நோட்டிலும் எழுதுவார். ஒரு பதிவுக்கு ஒரு டிஸ்க், கலக்கவே மாட்டார். கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு பேச வந்த ஒரு பெரிய மனிதர், தன் முகத்துக்கு நேராக “கத்தரிக்காய்” என்று ஒருவர் கூவிக் கை தட்டியதில் திகைத்துப்போய்ப் பேச வந்ததையே மறந்திருக்கிறார்.

கை தட்டுவதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்லுவார். பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, சிவப்பு விளக்கைப் பார்த்து, “சிவப்பு எரியுது, ஓடுது” என்பார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோனை ஒரு கையால் காதோடு அணைத்து, இன்னொரு கையின் ஒற்றை விரலை மேலே தூக்கி வைத்துக்கொள்வார். எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்கும்வரை அந்த விரல் இறங்காது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஓய்வுபெற்ற நாள் எங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஊரே படித்தது அவரிடம்தான். பெரிய டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஆள் வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் வெறும் மண்டபத்தைப் பத்து நிமிஷம் பதிவு செய்தார். கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு இடத்தின் அமைதிக்கும் ஒரு சத்தம் உண்டு. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த இடத்தின் அமைதியை வைத்து நிரப்பினால்தான் ஒட்டுத் தெரியாது. பிறகு பிள்ளைகளின் பாட்டு, மற்ற ஆசிரியர்களின் வாழ்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெரிய டீச்சரின் பேச்சு. முப்பத்தெட்டு நிமிஷம். மண்டபம் சிரித்துச் சிரித்து அழுதது என்று தம்பி வந்து சொன்னான்.

மறுநாள் தம்பியும் இவரும் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கப் போக வேண்டியிருந்தது. காலி டிஸ்க் ஒன்று வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்தினான். நோட்டின் முதல் வரியைப் பார்த்தேன். ‘வெங்காயம் - வெறும் மண்டபம்’. அமைதிதானே, வேறு எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்று, பெட்டியில் வெங்காயம் என்று எழுதியிருந்த டிஸ்க்கை எடுத்து முழுக்க அழித்தேன். அதற்குள் அவன் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அழித்தது மேசையிலேயே கிடந்தது. சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து நோட்டைப் பார்க்கும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘வெங்காயம் - பெரிய டீச்சர் பேச்சு’.  பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். வேறு வெங்காயமே இல்லை. அப்படியென்றால் நான் அழித்தது பேச்சைத்தான்.

அடுத்த நாள் இருவரும் வந்து, “பேச்சைப் போடு, கேட்போம்” என்று உட்கார்ந்தார்கள். நான் அந்த டிஸ்க்கைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. “இதுல ஒண்ணுமே பதிவாகலையே” என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான். வேறு பொய் எதுவும் நான் சொல்லவில்லை. தம்பி என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அவரைப் பார்த்தான். “ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லாத ஆளு எதுக்கு மாமா காதுல இதை மாட்டிக்கிட்டுத் திரியணும்?” என்றான். அவர் தன் வலது கை ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது யாருடைய விரலோ என்கிற மாதிரி. பிறகு கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் அங்கேயேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தம்பியின் கோபம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவர் வேலைக்கே வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தம்பி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பேச்சு இல்லாமலேயே படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரிய டீச்சர் ஒருவர்தான் கோபப்படவில்லை. “முப்பத்தோரு வருஷமா நான் பேசினதை எல்லாரும் கேட்டாச்சு. இனிமே வாயசைச்சாலே புரியும்” என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் காதில் எதையும் மாட்டியதில்லை. போனைக்கூட ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்றிலிருந்துதான் இந்த இழுப்பும் திருகலும். ஆனால் காது மட்டும் சும்மா இருக்காது. “ஃபிரிட்ஜ் இன்னிக்கு ஒரு சுதி ஏத்திப் பாடுது” என்பார். இரண்டு நாளில் அது நின்றுபோகும்.

அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். ஹார்ட் டிஸ்க், சுருட்டி வைத்த வயர்கள், அந்தப் பழைய பதிவுக் கருவி, நோட்டு, மைக் வைக்கும் கருப்புப் பெட்டி. நோட்டைப் பிரித்ததும் ஒரு மடித்த சீட்டு விழுந்தது. என் கையெழுத்து. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, சோப்பு, வெங்காயம். மேலே எழுதியதை மறந்து கீழேயும் எழுதியிருக்கிறேன். பாவம் மனுஷன், நான் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் அப்படியே வாசித்திருக்கிறார். ஆசிரியர்களின் வாழ்த்துக்கு ‘சோப்பு’ என்று கூவியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அந்த இரண்டு வெங்காயத்தையும் மறுபடி படித்தேன்.

மைக் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மட்கிப்போய், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. துடைத்து வைக்கலாமென்று அதை மொத்தமாகப் பிய்த்து எடுத்தேன். அடியில் ஒரு டிஸ்க் இருந்தது. மேலே அவருடைய குண்டு எழுத்தில் ‘வெங்காயம்’.  கருவியைச் சுவர் மின்சாரத்தில் மாட்டினேன். நாலைந்து தரம் டிஸ்க்கைத் துப்பிவிட்டு, ஆறாவது தரம் விழுங்கியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஆட்கள் நாற்காலி இழுக்கும் சத்தம், குழந்தை ஒன்றின் இருமல். பிறகு ரொம்பப் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே, பதினெட்டு வயது குறைந்த என் வீட்டுக்காரர்.

“டீச்சர், மைக்குல ஒரு வார்த்தை பேசுங்க.”

“என்னத்தைப் பேசறது?”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“வகுப்புல சத்தம் போட்ட ரெண்டு பேரை.”

இவர் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தூரத்திலிருந்து என் தம்பியின் குரல், “மாமா, ஓடுதா?” இவர், “சிவப்பு எரியுது, ஓடுது” என்றார். “வெங்காயம்!” டப்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிந்தது. கூட்டத்தில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், டிஸ்க்கைக் கைக்கு எட்டிய பெட்டியில் போட்டு மைக்கை மேலே வைத்து மூடியிருப்பார், அது ஓரமாக நழுவி ஸ்பாஞ்சுக்கு அடியில் போயிருக்கும். மறுநாள் கல்யாணத்துக்கும் அதே பெட்டிதான் போனது. மேல் ஸ்பாஞ்சுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்? பிறகு தம்பி நல்ல கேமரா வாங்கிவிட்டான், பெட்டியைத் திறக்கும் தேவையே அவனுக்கு வரவில்லை. பதிவாகவில்லை என்று நம்பியதால் அவர் தேடவில்லை. அழித்துவிட்டேன் என்று நம்பியதால் நானும் தேடவில்லை. உண்மையில் நான் அழித்தது வெறும் மண்டபத்தின் பத்து நிமிஷ அமைதியை. அதற்காகப் பதினெட்டு வருஷம்.

மணி பதினொன்றரை. ஒரு மணிக்கு அவர் சாப்பிட வருவார். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, தம்பி அனுப்பிய படத்துக்குக் கீழே வைத்தேன். இப்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கினால் மென்பொருளே படத்தின் ஒலியையும் தனி ஒலியையும் ஒப்பிட்டுச் சேர்த்துவிடும். இந்தப் படத்துக்கோ சொந்த ஒலியே கிடையாது. பழையபடி கையால்தான். திரையில் அவர் வந்து நின்றார், முடி அடர்த்தியாக, காலர் ஒரு பக்கம் மடங்கி. கைகளை விரித்தார். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். கைகள் நெருங்கின, இன்னும் நெருங்கின, தொட்டன. ஒலியின் கோட்டில் அந்தத் தட்டு ஒற்றை முள்ளாக நின்றது. இழுத்து வைத்தேன். சேர்ந்தது.

ஒன்றரை மணி நேரம் எனக்குள் பெரிய பஞ்சாயத்து நடந்தது. நல்ல செய்தியை மட்டும் சொன்னால் போதாதா? ‘டிஸ்க் கெடைச்சிடுச்சு, நீங்க சரியாத்தான் பதிவு பண்ணியிருக்கீங்க.’ சந்தோஷப்படுவார். தம்பி மன்னிப்புக் கேட்பான். என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் முடிவு செய்து, தட்டை எடுத்து வைத்தேன். கூச்சமில்லாமல் முகம் கழுவிப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டேன்.

வந்ததும் மூக்கைச் சுளித்தார். “என்ன, விசேஷமா?” என்றார். “சாப்பிட்டுட்டு வாங்க, ஒண்ணு காட்டணும்” என்றேன். சாப்பிட்டு முடித்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து என் பின்னால் நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன். ‘வகுப்புல சத்தம் போட்ட ரெண்டு பேரை’ என்றது பெரிய டீச்சரின் குரல். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ‘மாமா, ஓடுதா?’ ‘சிவப்பு எரியுது, ஓடுது.’ ‘வெங்காயம்!’ திரையில் கைகள் சேர்ந்தன, டப் என்றது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“மறுபடி போடு.”

போட்டேன். மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் திரையைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. என்னிடம் திரும்பினார். எங்கே இருந்தது என்று கேட்டார், சொன்னேன். ஸ்பாஞ்சுப் பொடியைக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டார். “அமுக்கியிருக்கேன் பாரு” என்றார், குழந்தை மாதிரி. “எத்தனை நாள் தூக்கத்துல அந்த விளக்கு வந்திருக்கு தெரியுமா? ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. சட்டுனு முழிச்சுக்குவேன்.” எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியாது.

பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர், “என்னைப் பத்து நிமிஷம்தான் பேசச் சொல்லியிருக்காங்க. உங்களையெல்லாம் உட்கார வைக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்” என்றார். மண்டபம் சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

“அப்போ அன்னிக்கு நாம போட்டுக் கேட்டமே, அந்த டிஸ்க் எது?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் இன்னொரு தரம் பொய் சொல்ல முடியவில்லை.

“அது வெறும் மண்டபம். நான்தான் அழிச்சேன். அழிச்சது பேச்சைன்னு நெனச்சுட்டேன். பயந்துபோய், பதிவாகலைன்னு சொல்லிட்டேன். நீங்க அமுக்கியிருப்பீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

சொல்லி முடித்ததும் கடைச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. அவர் அதைப் பார்த்தார். முதல் வெங்காயத்தின்மேல் ஒரு விரல், கடைசி வெங்காயத்தின்மேல் ஒரு விரல் வைத்தார். எடுத்து மடித்தார். இன்னொரு தரம் மடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரையையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பெரிய டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். மண்டபம் சிரித்தது, மூக்கை உறிஞ்சியது.  மேசை ஓரத்தில் என் ஹெட்ஃபோன் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது அவர் காதில் இருந்தது. வயரைத் தானே செருகிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. எனக்கு வெறும் வாயசைப்புத்தான் தெரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். விரல் தூக்கவில்லை.

அரைமணி நேரம் அப்படியே போனது. கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“முந்துது.”

“என்னது?”

“சத்தம். ஆரம்பத்துல சரியா இருக்கு. இங்க வர்றதுக்குள்ள சத்தம் முந்திக்கிட்டு வருது, உதடு பின்னாடி வருது. அரை செகண்டு இருக்கும்.”

உண்மைதான். கேமரா ஒரு கடிகாரம், பதிவுக் கருவி இன்னொரு கடிகாரம். இரண்டும் ஒன்றாகக் கிளம்பினாலும் முப்பத்தெட்டு நிமிஷத்தில் எங்காவது விலகத்தான் செய்யும். அங்கங்கே வெட்டி, பின்னால் தள்ளி, இடைவெளியை நிரப்ப வேண்டும். அந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவரையே பார்த்தேன்.

“நாலஞ்சு இடத்துல வெட்டி, நடுவுல அந்த வெறும் மண்டபத்தைப் போட்டு நிரப்பு” என்றார் பழைய வேகத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினார். “அதைத்தான் அழிச்சுட்ட இல்ல?”

“ஆமா.”

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட ஐந்து நிமிஷம் இருந்தது. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். செருப்பு மாட்டப் போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார். “நடுவுல அவங்க தண்ணி குடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கூட்டமும் சும்மா இருக்கும். அங்க கொஞ்சம் அமைதி கெடைக்கும், அதை எடுத்துக்க.”

“என்னங்க, ஏதாவது சொல்லிட்டுப் போங்க.”

“என்னத்தைச் சொல்றது?” என்றார். கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். “என் கையை நானே நம்பாம இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். நீ பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்க. சிரிக்க வேற செஞ்ச.” குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மாப்ளைக்கு நான் போன் பண்ணிக்கறேன். நீ பண்ணாதே.”

“சரி.”

கதவைத் திறந்தார். அந்தச் சீட்டு அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. “வீட்டுல வெங்காயம் இருக்கா?” என்று கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தீர்ந்துபோச்சு” என்றேன். கூடையில் இரண்டு கிலோ இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டின் நாக்கு விழுந்தது. திரையில் பெரிய டீச்சர் தம்ளரைத் தூக்கி உதட்டருகே கொண்டு போகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். வெளியிலிருந்து ஒரு இழுப்பு. கதவு லேசாக அதிர்ந்து நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. படியில் செருப்புச் சத்தமும் இன்னும் கிளம்பவில்லை.